ஒன்பது நாளைக்கு ஒரு துடிப்பு

வெள்ளாந்துறையில் அந்த ஆடி மாதம் காற்று எப்போதும்போல அடித்தது, மீன் எப்போதும்போல அகப்பட்டது, கிணற்றுத் தண்ணீர் எப்போதும்போல உப்புக் கரித்தது. சுயம்புலிங்கம் மட்டும் ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, முன்னறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பேப்பரை விரித்து வைத்தபடி, அடுக்களையில் இருந்த மனைவியை "தங்கம்" என்று கூப்பிட்டுவிட்டு அப்படியே மெதுவாகிப்போனார். நின்றுபோனார் என்று சொன்னவர்கள் எல்லாரும் பிற்பாடு தங்கபுஷ்பத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கூப்பிட்டது அவள் காதில் விழாமல் இல்லை. முந்தாநாள் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டித் தண்ணீர் முழுவதையும் தெருவில் ஓடவிட்டு, ஏன் என்று கேட்டதற்கு "நீ வேலைக்குப் போவாம வீட்ல இருந்தா நீயே நிறுத்தியிருக்கலாம்லா" என்று சொன்ன மனுஷனுக்கு, கூப்பிட்ட உடனே போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில், பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில், பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவளிடம் இருந்த ஆயுதம். துடைத்த அடுப்பையே இன்னொரு தடவை துடைத்தாள், கழுவிய தம்ளரை இன்னொரு தடவை கழுவினாள், பத்து நிமிஷத்தைப் போக்கிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், அவர் கண் பேப்பரில் இருந்தது, வாய் அவள் பேரின் கடைசியில் கொஞ்சம் திறந்திருந்தது, கூப்பிட்டால் அசைவில்லை, உலுக்கினால் அசைவில்லை.

டாக்டர் எபனேசர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், மூக்கின் கீழே கண்ணாடியைக் காட்டிப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். "செத்தவங்க கை இப்படிச் சூடா இருக்காதும்மா. உயிரோட இருக்கவங்களுக்கு இப்படி நாடி இல்லாமலும் இருக்காது. நான் ஒண்ணும் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளாந்துறையில் உடம்பு குளிராமல் கொட்டடிப்பதில்லை, பாடைக்குக் கம்பு வெட்டுவதில்லை. அதனால் கொட்டுக்காரர்கள் வந்து, தொட்டுப் பார்த்து, ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள், நான்காம் நாள் "குளிர்ந்தா சொல்லி விடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டார்கள். அந்த நான்காம் நாள்தான், திறந்திருந்த அவர் உதடு மூடியிருப்பதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள்.

தங்கபுஷ்பத்தின் உத்தியோகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடற்கரையில், கடல் ஏறுவதையும் வற்றுவதையும் அளக்கும் நிலையத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷமாகக் கணக்கு வேலை. கடல் நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கூடுதலாக ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கொஞ்சம் உப்பும். இதையெல்லாம் நாளைக்கு இத்தனை, வருஷத்துக்கு இத்தனை என்று எழுதி அனுப்பினால் மேலே இருக்கிறவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. உலகம் முழுவதும் நொடிக்கு இத்தனை என்றுதான் கணக்கு, அதற்கு ஹெர்ட்ஸ் என்று பேர். ஒரு நாளில் எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி. ஒன்றை அதால் வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் வரிசையாகச் சைபர்தான் வரும். சைபரைச் சுமக்க முடியாமல் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மைக்ரோ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். நாளைக்கு ஒரு தடவை நடப்பது பதினொன்று புள்ளி ஐந்து ஏழு மைக்ரோஹெர்ட்ஸ். மைக்ரோவை எழுத மறக்கிறவர்களைக் கண்டால் தங்கபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலையே பத்து லட்சம் மடங்கு வேகமாக ஆட்டிவிட்டாயே பாவி என்று சத்தம் போடுவாள்.

அப்படிப்பட்டவள், நான்கு நாளில் ஒரு உதடு மூடியதைப் பார்த்த உடனே நிலையத்துக்குப் போய், புது மின்கருவி வந்தபிறகு மூலையில் கிடந்த பழைய பதிவுக் கருவியைக் கேட்டு வாங்கி வந்தாள். மெதுவாகச் சுற்றும் உருளையில் தாளைச் சுற்றி, கடலில் மிதக்க வேண்டிய மிதவைக்குப் பதிலாக அவர் மணிக்கட்டில் ஒரு பஞ்சுத் துண்டைக் கட்டி, அதிலிருந்து பேனாமுனைக்கு நூல் கோத்தாள். பேனா மூன்று நாள் சும்மா கோடு போட்டது. பிறகு கொஞ்சம் ஏறியது, ஒரு நாள் முழுக்க ஏறியது, நிதானமாக இறங்கியது, மறுபடி சும்மா கிடந்தது. முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையில் ஒன்பது நாள். இரண்டு முகடு வந்ததும் பென்சிலை எடுத்தாள். ஏழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து அறுநூறு நொடிக்கு ஒரு துடிப்பு. ஒன்று புள்ளி இரண்டு எட்டு ஆறு மைக்ரோஹெர்ட்ஸ். கணக்கைப் போட்டு முடித்தபிறகுதான் அவள் அந்த வீட்டில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

வெள்ளாந்துறைக்காரர்கள் எதற்கும் லேசில் அசருகிறவர்கள் இல்லை. ஒரு வாரம் ஆச்சரியப்பட்டார்கள், அடுத்த வாரம் பழகிக்கொண்டார்கள், மூன்றாவது வாரம் அதில் சம்பிரதாயம் கண்டுபிடித்துவிட்டார்கள். முகடு வருகிற நாளுக்குத் துடிப்பு நாள் என்று பேர் வைத்து, அன்றைக்குப் புது வலை இறக்கினார்கள். அவர் நெஞ்சு இருபது நாள் ஏறுவதையும் இருபது நாள் இறங்குவதையும் பார்த்துவிட்டு, மூச்சு இறங்குகிற நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். திங்கட்கிழமை மூடத் தொடங்கிய இமை வியாழக்கிழமை திறந்தபோது தெருவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். அவருக்கு அடுத்த வேளை பசி எடுக்க எவ்வளவு நாளாகும் என்று டீக்கடையில் ஒரு சண்டை நடந்து, கடைசியில் தங்கபுஷ்பத்திடமே வந்து கேட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பசிக்கிறவர் என்று கணக்குப் போட்டு அவள் நானூற்றைம்பத்தாறு வருஷம் என்றாள்; அப்படியானால் சமையல் வேலை மிச்சம் என்று சொல்லிப் போனார்கள்.

ஆனால் பெண்களுக்குத் தீர்க்க வேண்டிய வேறு வழக்கு ஒன்று இருந்தது. தங்கபுஷ்பம் பூ வைக்கலாமா கூடாதா, ஒரு விசேஷ வீட்டில் அவளுக்குக் குங்குமச் சிமிழை நீட்டலாமா கூடாதா? கோயில் மண்டபத்தில் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொன்று பேசி, துடிப்பு நாளில் அவள் சுமங்கலி, மற்ற எட்டு நாளும் பொறுத்திருந்து பார்க்க வேண்டியது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதனால் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை அவள் வாசலில் மல்லிகைப்பூ வந்தது, மற்ற எட்டு நாளும் அவளைத் தெருவில் பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்தபடி போனார்கள். யாரையும் குறை சொல்லி என்ன செய்ய, அவர்களுக்கும் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அடுத்த வீட்டுச் சண்முகக்கனி மட்டும், தன் புருஷனைப் பறிகொடுத்துப் பதினோரு வருஷமாகியிருந்தவள், எந்த நாளும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வந்து, "ஏட்டி, ரசம் வச்சேன், குடி" என்று வைத்துவிட்டுப் போவாள்.

இதற்கிடையில் பேரூராட்சியில் இருந்து ஆள் வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வீட்டில் இப்படி இருக்கிறவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். இல்லை என்று ஏறினால் ஒரு நாளுக்குள் அடக்கம் செய்ய வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கிற பொன்னுத்துரை நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கம்ப்யூட்டர் அப்படி இல்லை. அதில் நாடித்துடிப்பு என்ற கட்டத்தில் நிமிஷத்துக்கு இத்தனை என்று புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்தான் போட முடியும். தங்கபுஷ்பம் சொன்ன எண்ணை அவர் அடித்தார். புள்ளிக்குப் பின்னால் நான்கு சைபர் தாண்டி வரவேண்டிய எண் எப்படி வரும். மெஷின் இரண்டு சைபரை மட்டும் காட்டி, கட்டத்தைச் சிவப்பாக்கி, அடக்கம் எங்கே என்று கேட்டது.

"அண்ணாச்சி, அழிங்க அதை" என்றாள் தங்கபுஷ்பம்.

"அழிச்சுட்டேன் தாயி. ஆனா காலியா விட்டா மறுபக்கத்துக்குப் போவ மாட்டேங்குதே. வேற அளவு ஏதும் இருக்கா?"

அளவுப் பட்டியலைத் தேடினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை செய்துகொடுத்தவர்கள் தெருவிளக்கு, மோட்டார் கணக்குக்கும் சேர்த்தே செய்திருந்ததால், பட்டியலின் அடியில் ஹெர்ட்ஸ் இருந்தது. மைக்ரோ இல்லை. ஹெர்ட்ஸில் போட்டால் இன்னும் மோசம், சைபர் கூடத்தான் செய்தது. பொன்னுத்துரை நெற்றியைத் தேய்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பிறகு கட்டத்தில் ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது என்று அடித்துவிட்டு, கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் "மைக்ரோ" என்று எழுதினார். மெஷின் பச்சையானது. தானாகவே நிமிஷக் கணக்காக்கி, நாடி எழுபத்தேழு, நபர் நலம் என்று அச்சடித்துக் கொடுத்தது. குறிப்பு அச்சில் வரவில்லை.

ஊர் வெடி போட்டது. மண்டபத்துத் தீர்ப்பு ரத்தாகி ஒன்பது நாளும் அவள் சுமங்கலியானாள், வாசலில் தினமும் பூ வந்தது. தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது; ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்த தப்பை ஒருவர் செய்ய, அதை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நாடி எழுபத்தேழு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு இருக்க வேண்டிய நாடி. மைக்ரோ ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது: அவர் நன்றாகத்தான் இருக்கிறார், ஊரும் நானும்தான் அவரைவிடப் பத்து லட்சம் மடங்கு அவசரமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அவர் கூப்பிட்டு இப்போது நாற்பது நாள். அவர் கணக்கில் மூன்றரை நொடி. கூப்பிட்ட பெண்டாட்டி வரவில்லையே என்று அவர் இன்னும் நினைக்கக்கூட ஆரம்பித்திருக்க மாட்டார்.

இவ்வளவு நாளும் அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். கூப்பிட்டார், நான் போகவில்லை. கடைசியாக அவர் மனசில் நிற்கப்போவது பதில் இல்லாத அந்த ஒரு கூப்பாடுதான் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது பார்த்தால் நேரம் கடக்கவில்லை, இன்னும் போய் நிற்கலாம்.

எப்படி நிற்பது என்பதுதான் கணக்கு. "வந்துட்டேன்" என்று கத்திப் பிரயோஜனமில்லை. அவள் குரல் அவர் கணக்கில் வௌவால் காதுக்கும் எட்டாத உச்ச சுருதிக்குப் போய்விடும். ஓடிவந்து எதிரில் நின்றாலும் தெரியாது; ஒரு மணி நேரம் நின்றாலும் அவருக்கு அது கண்ணில் படாத பொழுது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே புடவையில், ஒரே மாதிரி, தினமும் இரண்டு தடவை உட்கார்ந்தால் அது இருபத்து மூன்று மைக்ரோஹெர்ட்ஸ். அவருக்கு நொடிக்கு இருபத்து மூன்று தடவை. சினிமாப் படத்தில் நொடிக்கு இருபத்து நான்கு பிரேம் ஓடி ஆள் நடப்பதுபோலத் தெரிகிறதே, அந்த அளவு. காலை ஆறிலிருந்து பத்து, மாலை ஆறிலிருந்து பத்து. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஆளாக, தங்கபுஷ்பமாகத் தெரிவாள்.

ஐப்பசியில் அவள் பணி ஓய்வு பெற்றாள். நிலையத்தில் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். ஒரே நீலத்தில் ஆறு புடவை எடுத்தாள். அடுக்களை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் கால்களைத் தரையோடு சிமெண்ட் வைத்துப் பூசினாள். தலைக்கு மேலே ஒரு விளக்கை இரவும் பகலும் அணையாமல் எரியவிட்டாள். கார்த்திகை முதல் தேதி போய் உட்கார்ந்தாள். அவர் எப்போது நிமிர்ந்து பார்ப்பார் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டதும் நிமிர்கிற ஆள் இல்லை அவர், கண்ணைப் பேப்பரில் வைத்துக்கொண்டே கூப்பிடுகிறவர், பதில் வராவிட்டால்தான் நிமிர்வார். நிமிர்கிற நேரத்தில் அந்த வாசல் காலியாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஊர் இதற்கும் பழகியது. குறுக்கே நடந்தால் கோபப்படுகிறாள் என்று வருகிறவர்கள் குறைந்தார்கள், பேசினால் பதில் சொல்வதில்லை என்று பேசுகிறவர்கள் குறைந்தார்கள். துடிப்பு நாளில் அவரைப் பார்க்க வந்தவர்கள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா நல்லா இருக்காவ என்றார்கள், அவளை யாரும் கேட்கவில்லை. கரண்டு போனால் மட்டும் யாராவது ஒருவர் அரிக்கேன் விளக்கை ஏற்றிவந்து அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார். மார்கழி முழுக்க மைக்செட்டில் திருப்பாவை ஓடியது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாத, கோபம் என்றும் சொல்ல முடியாத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். முதுகு வலித்தது. யாராவது தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தும் இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"இப்படியே உக்காந்திருந்தா உன் ஆயுசு என்னத்துக்குட்டி ஆவும்?" என்று சண்முகக்கனி ஒரு நாள் பத்து மணிக்கு மேலே, அவள் எழுந்து காலை உதறிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"இன்னும் முப்பது வருஷம் இருப்பனா அக்கா? அவிய கணக்குல பதினாறு நிமிஷம்கூட இல்ல."

"உன் கணக்கு எனக்கு விளங்காது தாயி. இந்தா, இட்லி."

மார்கழி முடிகிற சமயத்தில் அவர் தலை நிமிரத் தொடங்கியது. கண்ணால் பார்த்தால் தெரியாது. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததால் தெரிந்தது. தை முழுக்க நிமிர்ந்தது. பிறகு திரும்பியது. பார்வை சன்னலில் இருந்தது, பிறகு காலண்டரில் இருந்தது, பிறகு டிவிப் பெட்டியில் இருந்தது. டிவிப் பெட்டியைத் தாண்டியபிறகு தங்கபுஷ்பம் குளிக்கவும் பயந்தாள். காய்ச்சல் அடித்த நாளிலும் உட்கார்ந்தாள். பத்து மணிவரை என்றிருந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, கண் சொருகும்வரை உட்கார்ந்தாள். மாசி மகத்துக்கு ஊரே கடலில் முழுக்குப்போட்டுக்கொண்டிருந்த காலையில், அவர் கண்மணி அவள் மேல் வந்து நின்றது.

அடுத்த நாளும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த நாள் புருவம் கொஞ்சம் சுருங்கியது, கண்ணாடியை மாற்ற வேண்டும்போல என்று நினைத்திருப்பார். பிறகு சுருக்கம் கலைந்தது. பங்குனி இரண்டாம் தேதி உதட்டின் ஒரு ஓரம் அசைந்து, பத்து நாளாக விரிந்து, சிரிப்பாயிற்று. மோட்டாரைப் பற்றிய சண்டையெல்லாம் முடிந்துபோன சிரிப்பு. வந்துட்டியா, சரி என்கிற சிரிப்பு. கூப்பிட்டதும் வந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார், அதில் சந்தேகமே இல்லை. தங்கபுஷ்பம் அசையக்கூடாதே என்று அசையாமல், கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, அந்தச் சிரிப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது.

விஷயம் தெரிந்து ஊர் திரண்டது. சன்னலுக்கு வெளியே வரிசை நின்றது, நாதஸ்வரம் வந்தது, மாமா அக்காவைப் பார்த்துச் சிரிச்சிட்டாவ என்று கடற்கரைவரை பேச்சாக இருந்தது. கொண்டாடிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் மீன்குழம்போடு பின்வாசல் வழியாக வந்த சண்முகக்கனி, தங்கபுஷ்பம் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சுயம்புலிங்கத்தின் முகம் அடுக்களை வாசலில் இல்லை. பாதி வழி திரும்பி, கண் தாழ்ந்து, மடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"என்னட்டி, என்ன ஆச்சு? அவியளுக்கு ஏதும்..."

"ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்காவ. நான் வந்ததப் பாத்துட்டாவ. பேப்பருக்குத் திரும்பிட்டாவ."

"சரி, பாத்தாவள்லா, சிரிச்சாவள்லா. அதுக்கு ஏன் அழுத?"

தங்கபுஷ்பம் மூக்கைச் சிந்தினாள். முப்பத்து நான்கு வருஷமாகத் தினமும் பார்த்த சங்கதி அது, அதற்குப் பென்சிலோ தாளோ வேண்டியதில்லை. "பேப்பர்ல கண்ண வச்சா அர மணி நேரத்துக்கு நிமிர மாட்டாவ அக்கா" என்றாள்.

"அர மணி நேரந்தான?" சண்முகக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அர மணி நேரம் பொறுக்க மாட்டியாக்கும்? தள்ளி இரி, நானும் கூட உக்காருதேன்."

குழம்புச் சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். ஆயிரத்து எண்ணூறு நொடியைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் ஐம்பத்தேழு வருஷம். தங்கபுஷ்பம் அதை மாற்றிச் சொல்லவில்லை.